தோணிகளைக் கட்டிப்போடும் காற்று

ஆனி பிறந்துவிட்டால் கல்வராயன் மலையில் கரியாலூர்க்காரர்கள் அடிக்கடி வானத்தைப் பார்ப்பார்கள். மேற்கே மேகம் திரண்டால் அவர்கள் முகம் மலரும். சாமை விதைக்கலாம், ஓடைகளில் தண்ணீர் வரும். அதே மாதத்தில், அதே மேல்காற்றைக் கண்டு முகம் வாடுகிறவர்களும் தமிழ்நாட்டில் உண்டு. அவர்கள் தூத்துக்குடித் தோணிக்காரர்கள். மலைக்கு மழை கொண்டு வரும் தென்மேற்குப் பருவக்காற்று, கடலில் அவர்கள் பிழைப்பை நிறுத்திப் போடுகிறது.

தோணி என்றால் ஏதோ சிறு படகு என்று நினைத்துவிடக் கூடாது. கடல் கடந்து சரக்கு ஏற்றிச் செல்லும் பெரிய மரக்கலம் அது. முற்காலத்தில் பாய் மாத்திரமே துணை. பின்னால் யந்திரமும் வந்து சேர்ந்தது. தூத்துக்குடியில் கரையோரம் ஆழம் போதாது. ஆகையால் கப்பல்கள் மைல் கணக்கில் தள்ளி நங்கூரம் போடும். அவற்றுக்குச் சரக்கு கொண்டுபோய்ச் சேர்த்தவை தோணிகளே. 1974-ம் ஆண்டு ஜூலை 11-ந் தேதி புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கப்பல்கள் அங்கே கரையை ஒட்டியே வந்து நின்றன. அதோடு தோணிகளின் அந்த வேலை போயிற்று. அவை பழைய துறைமுகத்தில் நின்று, வெங்காயம், காய்கறி, செங்கல், ஜல்லி என்று ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போய் வந்தன.

எதிர்க்காற்று

மாலத்தீவு தூத்துக்குடிக்கு நேர் தென்மேற்கே இருக்கிறது. பருவக்காற்றும் அந்தத் திசையிலிருந்துதான் அடிக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிற காற்று, மன்னார் வளைகுடாவில் இறங்கும்போது சும்மாவா இருக்கும்? பெரிய கப்பல் அதைப் பிளந்துகொண்டு போய்விடும். நெஞ்சளவு பாரம் ஏற்றிய தோணி போக முடியாது. ஆகவே ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் தோணிப் போக்குவரத்துக்குத் தடை. மறுபடி பாய் விரிவது செப்டம்பரில்.

இது இன்று நேற்று வந்த வழக்கம் அல்ல. மிளகு வாங்க முசிறிக்கு வந்த ரோமாபுரி வியாபாரிகள்கூட, ஊர் திரும்ப மார்கழி வாக்கில் காற்று மாறும்வரை காத்திருந்தவர்கள்தாம்.

இந்த மூன்று மாதமாவது முன்கூட்டித் தெரிந்த ஓய்வு. பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்துக் கலப்பற்று அடிக்கலாம். பாயைத் தைக்கலாம், கயிற்றை மாற்றலாம். கையில் காசு இராது. ஆனால் காசு இராது என்று முன்பே தெரியும்.

கூண்டு ஏறினால்...

உண்மையான சங்கடம் ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. மூட்டை மூட்டையாக வெங்காயம் ஏற்றியாகிவிட்டது. தண்டல் கயிற்றை அவிழ்க்கச் சொல்லப் போகிறார். அந்த நேரம் பார்த்துத் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறுகிறது! வெங்காயம் காத்திருக்குமா? அடித்தட்டில் புழுங்கி, முளைவிட்டு, அழுகத் தொடங்கும். சரக்குக்காரருக்கு நாளுக்கு நாள் நஷ்டம். தோணிக்காரருக்குப் பயணம் இல்லை. கலாசிகளுக்கு வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். "இந்தக் காற்று என்ன செய்துவிடும்?" என்று கேட்க எப்போதும் ஒருவர் இருப்பார். கேட்பவர் பெரும்பாலும் கரையில் நிற்பவர்.

கூண்டுகள் மொத்தம் 11. 1-ம் எண் என்றால், தூரத்தில் கடல் கலங்குகிறது என்று பொருள். 2, தொலைவில் புயல் உருவாகிவிட்டது, புறப்படும் கப்பல்களே எச்சரிக்கை என்பது. 3-ம் 4-ம் துறைமுகத்துக்கே ஆபத்து நெருங்குவதைச் சொல்லும். 5 முதல் 7 வரை அபாயம். 8 முதல் 10 வரை பேரபாயம். பகலில் கூம்பும் உருளையும் தொங்கும், இரவில் விளக்குகள். இந்தியாவில் இந்த ஏற்பாடு 1865-ல் கல்கத்தாவில் தொடங்கியது. அதற்கு முந்திய ஆண்டுதான் அந்த நகரைப் பெரும்புயல் சூறையாடியிருந்தது.

மன்னார் வளைகுடாவின் மறுகோடியில், 1964-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி இரவு, தனுஷ்கோடி அழிந்தது. பயணிகளோடு ரெயிலே கடலுக்குள் போயிற்று. 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கிப் புயலோ, எச்சரிக்கைக்குப் பிறகு கரை திரும்ப அவகாசமே தரவில்லை. ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரி மாவட்ட மீனவர்களில் எத்தனையோ பேர் வீடு வந்து சேரவில்லை. இதையெல்லாம் அறிந்த தண்டல், வெங்காயம் அழுகுகிறதே என்று கயிற்றை அவிழ்க்க மாட்டார்.

கடைசிக் கூண்டான 11 விசித்திரமானது. புயல் எங்கே, எவ்வளவு வேகம் என்று அது சொல்லாது. வானிலை நிலையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது என்பதுதான் அதன் அர்த்தம். அது ஏறிவிட்டால் தண்டலுக்கு மிஞ்சுவது அவருடைய கண், மேலே வானம், கரையில் இறுக்கிக் கட்டிய கயிறு.