பயிற்சிக்காகப் பழைய விமானம் வாங்கலாமா?

விமானம் வாங்குவதைப் பற்றிச் சங்கப் பத்திரிகையில் எழுத வேண்டுமா என்று அன்பர்கள் வியக்கலாம். ஆனால் நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் விமானியாவதற்கு அமெரிக்கா செல்வது இன்று புதுமையன்று. ஊரிலுள்ள வீட்டை அடமானம் வைத்தும், பிராவிடண்டு பண்டிலிருந்து எடுத்தும் பெற்றோர் பணம் திரட்டுகின்றனர். சென்ற சில மாதங்களில் மகனோ மகளோ, "பள்ளியின் விமானத்துக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுப்பதைவிடப் பழைய சிறு விமானம் ஒன்றை வாங்கிப் பறந்து, முடிவில் விற்றுவிடலாம், அமெரிக்காவில் கார் விலைக்கே கிடைக்கிறது" என்று யோசனை சொல்வதுண்டு. நம் நாட்டுப் பயிற்சி நிலையங்களில் மாணவர்கள் பெரும்பாலும் நிலையத்தின் விமானங்களிலேயே பறப்பதால் இக்கேள்வி இங்கு அவ்வளவாக எழுவதில்லை. அங்கு எழுகிறது. அதற்கு என்ன விடை தருவது?

யோசனை அறவே தவறானதன்று. நம் நாட்டில் வர்த்தக விமானி லைசென்ஸ் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அவற்றுள் 100 மணி, விமானத்தின் பொறுப்பைத் தாமே ஏற்றுப் பறந்தவையாக இருத்தல் வேண்டும். இத்தனை மணிக்கும் வாடகை என்றால் யாருக்கும் மலைப்புத்தான்.

ஆயினும் முதலில் பார்க்க வேண்டியது விலையை அன்று, சட்டத்தை. அமெரிக்காவில் ஒரு விமானத்தைத் தம் பெயரில் பதிவு செய்ய, ஒருவர் அந்நாட்டின் குடிமகனாகவோ நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெற்றவராகவோ இருத்தல் வேண்டும். மாணவர் விசாவில் சென்ற பிள்ளை நேரடியாகத் தன் பெயரில் பதிவு செய்ய இயலாது. டிரஸ்ட் அமைத்து அதன் பெயரில் பதியும் வழி உண்டு. அதற்குத் தனிச் செலவு ஆகும். அங்குள்ள உறவினர் பெயரில் பதியலாம் என்பர் சிலர். பணம் போட்டு உரிமை கொண்டாடுபவர் ஒருவர், ஏட்டில் இருப்பவர் வேறொருவர் என்றால் அப்பதிவே செல்லாததாகிவிடும். அதன்பின் விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் பணத்துக்கு என்ன உறுதி? மேலும், மாணவர் கொண்டுவரும் விமானத்தில் கற்பிக்கப் பள்ளி இசையுமா என்பதையும் முன்கூட்டியே எழுத்து மூலம் கேட்டறிய வேண்டும்.

இந்தத் தடைகளெல்லாம் நீங்கின என்றே வைத்துக்கொண்டு கணக்குக்கு வருவோம். ரயில்வேயில் பணி புரிவோருக்குச் சீசன் டிக்கட்டின் இயல்பு தெரியும். தினந்தோறும் பயணம் செய்பவருக்கு அது லாபம். மாதம் இருமுறை செல்பவருக்கு நஷ்டம். சொந்த விமானமும் அத்தகையதே. நிறுத்துமிட வாடகை, இன்ஷூரன்ஸ், பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறை கட்டாயமாகச் செய்ய வேண்டிய முழுச் சோதனை ஆகிய செலவுகள் பறந்தாலும் பறக்காவிட்டாலும் உண்டு. இவை ஆண்டுக்கு 6,000 டாலர் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். 200 மணி பறந்தால் மணிக்கு 30 டாலர் விழும். 60 மணியே பறந்தால் 100 டாலர். இதன் மேல் எரிபொருள், எண்ணெய், பழுது, ஆசிரியர் ஊதியம் யாவும் சேரும். செஸ்னா 150 என்னும் இரண்டு ஆசன விமானம் மணிக்குச் சுமார் 22 லிட்டர் பெட்ரோல் குடிக்கும்.

அடுத்தது வயது. செஸ்னா 150 விமானங்களின் உற்பத்தி 1977-இல் நின்றது. அதன் பின்வந்த செஸ்னா 152, 1985-இல் நின்றது. ஆகவே, இவற்றுள் இளையதும் இன்று நாற்பது வயதை எட்டிவிட்டது. வயது மட்டுமே குற்றமாகாது, பராமரிப்பே முக்கியம். பொன்மலைப் பணிமனைக்கு ரயில் எஞ்சின்கள் காலக்கெடுவின்படி ஓவர்ஹாலுக்கு வருவது போல, விமான எஞ்சினுக்கும் கெடு உண்டு. செஸ்னா 150-இல் பெரும்பாலும் உள்ள ஓ-200 எஞ்சினுக்கு உற்பத்தியாளர் கூறும் கெடு 1,800 மணி. 1,700 மணி ஓடிய எஞ்சினுடன் மலிவாகக் கிடைக்கும் விமானம், மாணவரின் பயிற்சி முடியுமுன்பே அந்தக் கெடுவைத் தாண்டிவிடும். ஓவர்ஹால் செலவோ விமான விலையின் பெரும்பகுதியை விழுங்கிவிடக் கூடும். மாறாக, மிகக் குறைவாக ஓடிப் பல ஆண்டுகள் சும்மா நின்ற எஞ்சினையும் நம்பிவிடலாகாது. அதன் உள்ளே துரு ஏறியிருக்கும். எனவே லாக் புத்தகங்கள் ஆதிமுதல் உள்ளனவா, அரசாங்கம் பிறப்பித்த பழுதுநீக்க உத்தரவுகள் நிறைவேற்றப்பட்டனவா, முன்பு விபத்துக்கு உள்ளானதா, அடமானக் கடன் ஏதும் உண்டா என்று பார்க்க வேண்டும். விற்பவருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்து அமர்த்தி, முன்பணம் கொடுக்குமுன் சோதித்தல் அவசியம்.

இன்னொன்றும் உண்டு. பள்ளியில் ஒரு விமானம் பழுதானால் வேறொன்றில் ஏறலாம். சொந்த விமானம் உதிரிப் பாகத்துக்காக ஒரு மாதம் நின்றால் பயிற்சியும் நிற்கும். விசாக் காலமோ நிற்காது. அக்காலம் முடியும் தறுவாயில் அவசரமாக விற்பவருக்கு நல்ல விலை கிடைப்பது அரிது. இரட்டை எஞ்சின் பயிற்சிக்கு எப்படியும் வேறு விமானத்தை நாடவே நேரிடும்.

அங்கேயே நிலையாகக் குடியேறியவர், ஆண்டில் நிறையப் பறப்பவர், இருவர் மூவராகச் செலவைப் பகிர்ந்துகொள்பவர், பயிற்சிக்குப் பின்னும் விமானத்தை வைத்துக்கொள்பவர் ஆகியோருக்குப் பழைய விமானம் நல்ல துணையாகலாம். வீட்டை அடமானம் வைத்த பணத்தில், குறித்த காலத்தில் லைசென்ஸ் பெற்றுத் திரும்ப வேண்டிய மாணவருக்கு வாடகை விமானமே தக்கது. வாடகை ரசீதுகள் கையைக் கடிக்கும்; ஆனால் மொத்தம் எவ்வளவு என்பது முன்பே ஓரளவு தெரியும். சொந்த விமானத்தில் அந்த நிச்சயம் இல்லை. கடன் வாங்கிப் படிக்க வைக்கும் குடும்பத்துக்கு வேண்டியது அந்த நிச்சயமே. பெற்றோர் இதனைப் பிள்ளைகளுடன் கலந்து, கணக்கைக் காகிதத்தில் எழுதிப் பார்த்த பின்னரே முடிவு செய்வார்களாக.