நாலெழுத்து 'லைன்'

ஆங்கிலத்தில் நாலே எழுத்து. பள்ளியில் வாத்தியார் சொல்லித் தந்த பொருள், கோடு. பாலக்காட்டு ரயில்வே ஊழியருக்கோ 'லைன்' என்றால் தண்டவாளம். 'லைன் கிளியர்' கிடைத்தால்தான் வண்டி நகரும். ரேஷன் கடையில் அது வரிசை. மின்சாரம் நின்றால், "லைன் இல்லை" என்கிறோம்.

மலையேறி மூணாறு போனால், அதே சொல் வீடாகிவிடுகிறது! தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு 'லைன்' என்றே பெயர். வாய்ப்பேச்சில் 'லயம்'.

மூணாறிலும் முன்பு ரயில் லைன் இருந்தது. டாப் ஸ்டேஷன் வரை சென்ற அந்தச் சிறு ரயில் பாதையை 1924 வெள்ளம் கொண்டுபோயிற்று. மறுபடி போடவில்லை. மனிதர் வாழும் லைன்கள் மட்டும் நிலைத்தன.

அவற்றுக்கும் ஆபத்து வந்தது. 2020 ஆகஸ்டு 6 இரவு, ராஜமலை அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. பலியானோர் 70 பேர். பெரும்பாலோர் தமிழர்.

லயம் வேலையோடு ஒட்டிய வீடு. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். மகனோ மருமகளோ தோட்டத்தில் பேர் பதிந்தால்தான் குடும்பம் அதே கூரையின்கீழ் இருக்கலாம்.

அகராதியில் 'லைன்' என்பதற்கு வம்சம் என்றும் ஒரு பொருள் உண்டு. மூணாறில் அந்தப் பொருளும் லயத்துக்குள்ளேதான் அடங்கியிருக்கிறது.