கைப்பேசியை மீண்டும் தொடங்கும் வழிகள்

அகமதாபாத்தின் மணிநகர்ப் பகுதியில் வாழும் நம் அன்பர் ஒருவருக்குச் சில ஆண்டுகளுக்கு முன் நேர்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். ஒரு மாலைப்பொழுதில் அவருடைய கைப்பேசி அசைவற்று நின்றுவிட்டது. திரையைத் தொட்டாலும் பதில் இல்லை. பொத்தானை அமுக்கினாலும் பதில் இல்லை. அண்டையிலிருந்த பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துச் சென்றார். கடைப்பையன் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரீசெட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?" என்று இந்தியில் கேட்டான். அன்பரோ அதை "ரீஸ்டார்ட்" என்று காதில் வாங்கிக்கொண்டு தலையை அசைத்துவிட்டார். கால்மணி நேரத்தில் கைப்பேசி புத்தம் புதியதாய் விழித்துக்கொண்டது. திருநெல்வேலியில் காலமான அவருடைய அன்னையார் கடைசி இரண்டு ஆண்டுகளில் அனுப்பியிருந்த குரற்செய்திகளில் ஒன்றுகூட அதில் மிஞ்சவில்லை. அவற்றுக்கு வேறெங்கும் படி எடுத்து வைக்கப்பட்டிருக்கவும் இல்லை.

இவ்விரு சொற்களுக்கும் ஒலியில் உள்ள வேற்றுமை சிறிது. பொருளில் உள்ள வேற்றுமை மிகப் பெரிது. ரீஸ்டார்ட் என்பது மீண்டும் தொடங்குதல். ரீசெட், அதிலும் ஃபாக்டரி ரீசெட் என்பது, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் இருந்த நிலைக்குக் கருவியைக் கொண்டு செல்லுதல். முன்னதில் உறங்கி எழுந்தவன் தன் வீட்டிலேயே எழுகிறான். பின்னதில் வீடே காலி செய்யப்பட்டுவிடுகிறது. சொந்த ஊரை விட்டு வந்து, அயல் மொழியில் கடைக்காரரோடு பேசி வாழும் நம்மவர்க்கு இவ்வேற்றுமை நன்கு தெரிந்திருத்தல் வேண்டும். கடைக்குச் செல்லாமலே நம் கையால் செய்துகொள்ளத்தக்க காரியத்தை நாமே செய்யக் கற்றுக்கொண்டால் இன்னும் நல்லது.

மீண்டும் தொடங்கினால் நம் புகைப்படங்கள் அழிந்துவிடுமோ என்ற அச்சம் பலருக்கும் உண்டு. அழியா. கைப்பேசியினுள் நினைவகம் இருவகைப்படும். ஒன்று, துணிமணிகளை மடித்து வைக்கும் டிரங்குப் பெட்டியைப் போன்றது. மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வைத்தது வைத்தபடியே இருக்கும். படங்கள், செய்திகள், தொலைபேசி எண்கள் யாவும் அங்கேதான் உள்ளன. மற்றொன்று சிலேட்டைப் போன்றது. கருவி வேலை செய்யும்போது அவ்வப்போதைய கணக்குகளை அதில் எழுதி எழுதி அழிக்கிறது. மின்சாரம் நின்ற கணமே அதில் உள்ளவை மறைந்துபோம். மீண்டும் தொடங்குதல் என்பது இந்தச் சிலேட்டைத் துடைப்பதே. ஆகவே, பாதி எழுதி அனுப்பாமல் விட்ட கடிதமும், பாதி நிரப்பிய விண்ணப்பமும் போகலாம், வேறொன்றும் போகாது.

அப்படியாயின் துடைப்பதால் பயன் என்ன? நாள்தோறும் பல செயலிகளைத் திறக்கிறோம், மூடுகிறோம். மூடியதாக நாம் எண்ணும் செயலிகளிற் சில பின்னணியில் உழன்றுகொண்டே இருக்கும். எழுதிய வேலை தீர்ந்த பின்னும் தம் பங்குச் சிலேட்டைத் திருப்பிக் கொடாத செயலிகளும் உண்டு. ஒன்றுக்காக ஒன்று காத்து நின்று, இரண்டும் நகராமற் போவதும் உண்டு. இத்தகைய முடிச்சுகளை ஒவ்வொன்றாய் அவிழ்ப்பதை விட, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்குவது எளிது. ஆண்டிராய்டின் அடித்தளமாக விளங்குவது 1991ஆம் ஆண்டில் தோன்றிய லினக்ஸ் என்னும் கருவகம். கருவி விழிக்கும்போது முதலில் அக்கருவகம் எழுந்து, பிறகு ஏனைய பணியாட்களை ஒழுங்குப்படி எழுப்புகிறது. சின்னம் தெரிந்து முகப்புத் திரை வருவதற்குள் ஓரிரு நிமிடம் ஆவது இதனால்தான், பொறுத்திருக்க வேண்டும்.

இனி வழிகளைக் காண்போம். பழைய வழி யாவரும் அறிந்ததே. பக்கவாட்டில் உள்ள பவர் பொத்தானை இரண்டு மூன்று வினாடி அமுக்கிப் பிடித்தால் சிறு பட்டியல் தோன்றும். அதில் "ரீஸ்டார்ட்" என்பதைத் தொட வேண்டும். 2008ஆம் ஆண்டில் முதல் ஆண்டிராய்டு கைப்பேசி விற்பனைக்கு வந்த காலந்தொட்டுப் பவர் பொத்தானை நீள அமுக்கும் வழக்கம் இருந்து வருகிறது. ஆனால் அண்மைக் காலத்துக் கருவிகள் பலவற்றில் அதே பொத்தானை நீள அமுக்கினால், பட்டியலுக்குப் பதிலாகப் பேசும் உதவியாளர் ஒருவர் வந்து "என்ன வேண்டும்?" என்று கேட்கிறார். வாங்கியவர் திகைக்கிறார். இம்மாறுதலை யார் விரும்பிக் கேட்டார்களோ, நாம் அறியோம். சாம்சங் கருவிகளில் பவர் பொத்தானையும் ஒலி குறைக்கும் பொத்தானையும் சேர்த்து அமுக்க வேண்டும். கூகுளின் பிக்ஸல் கருவிகளில் பவர் பொத்தானோடு ஒலி கூட்டும் பொத்தானைச் சேர்க்க வேண்டும். அமைப்புகள் பகுதிக்குச் சென்று, பவர் பொத்தானுக்கு அதன் பழைய தொழிலையே திருப்பித் தரவும் இக்கருவிகளில் இடம் உண்டு.

பட்டியல் எந்த எழுத்தில் வருகிறது என்பது வேறொரு தொல்லை. பயன்படுத்திய கைப்பேசியை வாங்கியவர்களுக்கு அது மராத்தியிலோ இந்தியிலோ வங்காளியிலோ இருக்கலாம். எழுத்துத் தெரியாவிடின் படத்தைப் பாருங்கள். வட்டமாகச் சுழலும் அம்புக்குறி மீண்டும் தொடங்குவதற்குரியது. வட்டத்தின் உச்சியில் செங்குத்துக் கோடு இருப்பது அணைப்பதற்குரியது. தவறி அணைத்தாலும் குடி முழுகிவிடாது. பவர் பொத்தானை மீண்டும் அமுக்கிப் பிடித்தால் கருவி விழித்துக்கொள்ளும்.

பொத்தானே தேய்ந்து கெட்டுப்போனால் என் செய்வது? பல கருவிகளில் திரையின் மேல் விளிம்பிலிருந்து விரலால் இருமுறை கீழ்நோக்கி இழுத்தால் விரியும் பலகையில் பவர் சின்னம் இருக்கும். அதைத் தொட்டால் அதே பட்டியல் வரும். அங்கு இல்லையெனில், அமைப்புகளில் "அணுகல்தன்மை" என்னும் பகுதியைத் திறந்து, அதிலுள்ள மெனுவை இயக்கி வைத்துக்கொள்ளலாம். திரையின் ஓரத்தில் சிறு சின்னமொன்று எப்போதும் நிற்கும். அதைத் தொட்டால் பவர், ஒலி, பூட்டு எல்லாம் விரல் நுனிக்கு வரும். கையில் நடுக்கமுள்ள முதியோர்க்காக அமைந்த வசதி இது; பொத்தான் கெட்டவர்க்கும் உதவுகிறது. குறித்த நாளில் குறித்த நேரத்தில் தானே மீண்டும் தொடங்கிக்கொள்ளும்படி அமைத்து வைக்கும் வசதியும் சில கருவிகளில் உண்டு. பொத்தான் கெட்ட கைப்பேசியை மட்டும் முற்றும் அணைத்துவிடாதீர்கள். திரும்ப எழுப்புவது பெரும்பாடு.

இதுவரை சொன்னவை கருவி நம் பேச்சைக் கேட்கும் நிலையில் இருக்கும்போது பயன்படுபவை. திரை உறைந்து நின்றுவிட்டால் பட்டியலைத் தொட இயலாது. மணிநகர் அன்பருக்கு நேர்ந்தது இதுவே. இதற்குரிய வழி பொத்தானை நீண்ட நேரம், கை வலிக்கும் அளவுக்கு, அமுக்கிப் பிடித்திருப்பது. சாம்சங் கருவிகளில் பவர் பொத்தானையும் ஒலி குறைக்கும் பொத்தானையும் சேர்த்து 7 வினாடிக்கு மேல் பிடிக்க வேண்டும். பிக்ஸல் முதலியவற்றில் பவர் பொத்தானை ஏறத்தாழ 30 வினாடி பிடிக்க வேண்டும். வேறு பல கருவிகளில் 10 முதல் 20 வினாடி போதும். சிலவற்றில் ஒலி கூட்டும் பொத்தானையும் சேர்க்க வேண்டியிருக்கும். பெரும்பாலோர் 4, 5 வினாடியிலேயே மனம் தளர்ந்து கையை எடுத்துவிடுகிறார்கள்; "பொத்தானும் வேலை செய்யவில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பிடியுங்கள்.

உறைந்துபோன கருவி இந்த அமுக்கத்தை மட்டும் எங்ஙனம் உணர்கிறது என்று கேட்கலாம். மின்கலத்திலிருந்து வரும் மின்சாரத்தை ஏனைய உறுப்புகளுக்குப் பங்கிட்டளிக்கும் சிறு சில்லு ஒன்று உள்ளே இருக்கிறது. செயலிகள் எல்லாம் மயங்கிக் கிடந்தாலும் அச்சில்லு விழித்தபடியே இருக்கும். பொத்தான் நெடுநேரம் அமுங்கியிருப்பதைக் கண்டால், எவரையும் கேளாமல் மின்சாரத்தை வெட்டி, மீண்டும் கொடுக்கும். முன்னாளில் பின்மூடியைக் கழற்றி மின்கலத்தை எடுத்து மாட்டினோமே, அந்த வேலையை இப்பொழுது இச்சில்லு செய்கிறது. மூடி திறவாத கைப்பேசிகள் பெருகிய பின் நமக்கு இதுவே கதி.

கருவி அதிர்ந்து, தயாரித்த நிறுவனத்தின் சின்னம் தெரிந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தால், சில கருவிகள் பழுது பார்ப்போர்க்குரிய உள்ளறைக்கு நம்மை இட்டுச் சென்றுவிடும். "ஃபாஸ்ட்பூட்" என்ற சொல் மட்டும் திரையில் நின்றால், பவர் பொத்தானை மட்டும் மறுபடி நெடுநேரம் பிடித்து வெளியேறலாம். கறுப்புத் திரையில் ஆங்கில வரிகள் அடுக்கடுக்காய்த் தோன்றினால் அது "ரெக்கவரி" என்னும் அறை. அங்கே திரையைத் தொட்டுப் பயனில்லாதிருக்கலாம். ஒலிப் பொத்தான்களால் வரிவரியாக நகர்ந்து, பவர் பொத்தானால் தேர்ந்தெடுக்க வேண்டும். "ரீபூட் சிஸ்டம் நௌ" என்ற வரியே நமக்கு வேண்டியது. பெரும்பாலும் அதுவே முதல் வரி. அதே பட்டியலில் சற்றுக் கீழே "வைப் டேட்டா, ஃபாக்டரி ரீசெட்" என்ற வரி காத்திருக்கும். அன்னையின் குரலை அழித்தது அந்த வரிதான். அதன்மேல் விரலைத் தவறியும் அமுக்கலாகாது. கடையில் உட்கார்ந்திருப்பவர் அவ்வரிக்கு நகர்கிறாரா என்றும் கண் வைத்திருங்கள்.

திரை முற்றும் இருண்டு கிடந்தால், உறைந்துவிட்டது என்று முடிவு செய்வதற்கு முன், மின்னேற்றம் தீர்ந்துவிட்டதோ என்று பாருங்கள். மின்னேற்றியில் மாட்டி அரை மணி நேரம் விட்டுவையுங்கள். வறண்டுபோன மின்கலம் முதற் சில நிமிடங்களில் எவ்வித அடையாளமும் காட்டாதிருக்கலாம்.

மீண்டும் தொடங்கியும் தொல்லை தீராவிடின், புதிதாகச் சேர்த்த செயலி ஒன்றே குற்றவாளியாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கச் "சேஃப் மோடு" என்ற வழி உண்டு. பட்டியலில் "பவர் ஆஃப்" என்பதைத் தொட்டு எடுத்துவிடாமல் சற்று அழுத்திப் பிடித்தால் கருவி இதைக் கேட்கும். பிக்ஸலில் "ரீஸ்டார்ட்" என்பதைப் பிடிக்க வேண்டும். இந்நிலையில் நாமாகச் சேர்த்த செயலிகள் யாவும் உறங்கும். கருவியோடு வந்தவை மட்டும் இயங்கும். அப்போது கைப்பேசி சுகமாக நடந்தால், கடைசியாகச் சேர்த்ததை நீக்கிவிட்டு வழக்கம்போல் மீண்டும் தொடங்கலாம்.

சிக்னல் கிடைக்காமைக்கும் இது மருந்தாவதுண்டு. இரவு இரயிலில் மூன்று மாநிலங்களைக் கடந்து இறங்குகிறோம்; அயலூர்க் கோபுரத்தோடு சிம் உறவு கொள்ளாமல் நிற்கிறது; வங்கியின் ஓடிபி வந்து சேரவில்லை. முதலில் விமானப் பயன்முறையை அரை நிமிடம் இயக்கி நிறுத்துங்கள். அதற்கும் இணங்காவிட்டால் மீண்டும் தொடங்குங்கள். சிம் புதிதாகத் தன்னைப் பதிவு செய்துகொள்ளும். ஊருக்குப் பணம் அனுப்பும் நடுவில் கருவி உறைந்துவிட்டால் ஓர் எச்சரிக்கை: பணம் வங்கிக் கணக்கில் உள்ளதேயன்றிக் கைப்பேசியில் உள்ளதன்று. மீண்டும் தொடங்கியதும் அவசரப்பட்டு இரண்டாம் முறை அனுப்பாமல், முதல் முறை அனுப்பியது சேர்ந்ததா என்று செயலியின் பழைய கணக்கைப் பாருங்கள்.

பொத்தானை அமுக்குவதிலும் பொறுமை வேண்டும். ஆத்திரத்தில் படபடவென்று மூன்று முறை, ஐந்து முறை தட்டினால், பல கருவிகள் நமக்கு ஆபத்து நேர்ந்ததாகக் கருதி 112 என்னும் அவசர எண்ணை அழைக்க முற்படும்.

மீண்டும் தொடங்கியதும் கைப்பேசி விரல்ரேகையை ஏற்காமல் பின் எண்ணையோ கோலத்தையோ கேட்கும். பழுதன்று, காவல் முறை. 2016இல் வெளிவந்த ஆண்டிராய்டு 7 முதற்கொண்டு வந்த ஏற்பாட்டின்படி, முதல் முறை பின் எண்ணை இடும் வரை பெட்டியின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும். அதற்குள் ஊரிலிருந்து அழைப்பு வந்தால் மணி அடிக்கும். ஆனால் அம்மா என்ற பெயருக்குப் பதில் வெறும் எண் மட்டும் தெரியக்கூடும். மாதக்கணக்காக விரலையே வைத்துத் திறந்து பழகி, பின் எண்ணை மறந்துவிட்டவர்கள் இவ்விடத்தில் அகப்பட்டுக்கொள்கிறார்கள். ஆகவே, எண் நினைவிருக்கிறதா என்று பார்த்துக்கொண்ட பிறகே மீண்டும் தொடங்குங்கள். கருவியின் கூகுள் கணக்கு யார் பெயரில், எந்தக் கடவுச்சொல்லோடு இருக்கிறது என்பதையும் குறித்து வையுங்கள். கடைக்காரரே ஏதோ ஒரு கணக்கைத் தொடங்கிக் கொடுத்திருப்பார். ரெக்கவரி வழியாக ஃபாக்டரி ரீசெட் செய்யப்பட்ட கைப்பேசி, பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேளாமல் திறவாது. 2015 முதல் வழக்கிலுள்ள திருட்டுத் தடுப்பு இது. மறந்த உரியவரையும் திருடனையும் அது வேறுபடுத்தி அறியாது.

ஊரிலிருக்கும் தாய் தந்தையரின் கைப்பேசி உறைந்துவிட்டால் நாம் இங்கிருந்து தவிக்கிறோம். அடுத்த வீட்டார் கைப்பேசிக்கு அழைத்து, "அம்மா, உங்கள் பெட்டியின் வலப்புறம் நீளமாக ஒன்றும் சிறிதாக ஒன்றும் இருக்கின்றனவா? சிறியதைப் பிடித்துக்கொள்ளுங்கள், நான் எண்ணுகிறேன்" என்று சொல்லிவிட்டு, ஒன்றிலிருந்து முப்பது வரை நிதானமாக எண்ணுங்கள். எந்தக் கருவி என்று தெரிந்திருந்தால், நீண்டதன் கீழ்ப்பாதியையும் சேர்த்துப் பிடிக்க வேண்டுமா என்று முன்னரே தெரிந்து வைத்திருக்கலாம். இருபதை எட்டுமுன் "அதிர்கிறதப்பா, வெளிச்சம் வந்துவிட்டது" என்று அங்கிருந்து குரல் வந்தால், கையை எடுக்கச் சொல்லி, பின் எண்ணைச் சொல்லிக் கொடுங்கள்.