பிளஸ் டூவுக்கு அப்பால் – 7: திருப்பதியா, சிறுசேரியா?

கோவில்பட்டியில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் கடலைமிட்டாய் போட்டு விற்கும் ஒருவர் இருக்கிறார். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவர். ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் இரண்டு தாள்கள்.

“சார், பாப்பாவுக்கு ரெண்டு எடத்துல கெடச்சிருக்கு. ரெண்டுமே நல்ல எடம்னு சொல்றாங்க. திருப்பதின்னா மனசுக்கு நல்லாத்தான் இருக்கு, பெருமாள் ஊரு. மெட்ராசுன்னா சொந்தக்காரங்க இருக்காங்க. நீங்க சொல்றதுதான் முடிவு.”

பெருமாளையும் சொந்தக்காரர்களையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. பதினேழு வயதுப் பெண்ணை வெளியூர் அனுப்பும் தகப்பனுக்கு அவையும் கணக்குதான். ஆனால் அந்த இரண்டு தாள்களுக்கும் இடையே இருந்த தூரம், திருப்பதிக்கும் சிறுசேரிக்கும் உள்ள தூரத்தைவிட மிகப் பெரியது. அதைத்தான் அன்று மாலை முழுக்கப் பேசினோம்.

ஒரு தாள், ஐசர் என்று மாணவர்கள் அழைக்கும் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் திருப்பதிக் கிளையிலிருந்து வந்தது. மத்திய அரசு 2006இல் புனேயிலும் கொல்கத்தாவிலும் தொடங்கிய ஐசர்கள் இன்று ஏழு. திருப்பதியில் 2015இல் வந்தது. பி.எஸ்., எம்.எஸ். இரண்டும் சேர்ந்த ஐந்தாண்டுப் படிப்பு. தொடக்கத்தில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கையும் எல்லோரும் படிக்க வேண்டும். எது நம் பாடம் என்று தேர்ந்தெடுப்பது பிறகுதான். கடைசி ஆண்டு ஓர் ஆய்வுக்கூடத்திலோ ஓர் ஆசிரியரிடமோ ஆய்வு செய்து கட்டுரை சமர்ப்பிப்பதிலேயே போய்விடும்.

இன்னொன்று சென்னை கணிதவியல் நிறுவனம். சி.எம்.ஐ. என்றால் கணக்குப் பைத்தியங்களுக்குத் தெரியும், ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. கணித மேதை சி.எஸ்.சேஷாத்ரி 1989இல் தொடங்கி வளர்த்த நிறுவனம் அது. 1998இல் பி.எஸ்சி. வகுப்புகள் ஆரம்பமாயின. பழைய மகாபலிபுரம் சாலையில், சிறுசேரி சிப்காட்டின் மென்பொருள் கட்டடங்களுக்கு நடுவே சின்ன வளாகம். அங்கே கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த பி.எஸ்சி. ஆனர்ஸ் ஒன்று, கணிதமும் இயற்பியலும் சேர்ந்தது இன்னொன்று. மூன்று ஆண்டுகள். வேதியியல், உயிரியல் பட்டங்கள் கிடையாது. முதல் நாளிலிருந்தே நிரூபணம், நிரூபணம், நிரூபணம்.

“எது பெருசு சார்?” என்றார் அப்பா.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே கூடாது என்பது என் முப்பது வருட வழக்கம். தரவரிசைப் பட்டியலில் இருப்பது ஒரு நிறுவனத்தின் சராசரி. நம் பிள்ளை உட்காரப்போவது குறிப்பிட்ட ஒரு வகுப்பில், குறிப்பிட்ட சிலர் முன்னால். வெங்கி ராமகிருஷ்ணன் சிதம்பரத்தில் பிறந்து பரோடாவில் வளர்ந்தவர். மருத்துவம் படிக்க இடம் கிடைத்தும் அதை விட்டுவிட்டு அதே ஊர் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்து, 1971இல் பட்டம் பெற்றார். அந்தத் துறை அப்போதுதான் தன் பாடத்திட்டத்தைப் புதுப்பித்திருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். ஓஹையோ பல்கலைக்கழகத்தில் 1976இல் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கினார். பிறகு செய்த காரியத்தைத்தான் நான் எல்லா வகுப்பிலும் சொல்வேன். இயற்பியலில் டாக்டர் ஆன மனிதர், கலிபோர்னியாவின் சான் டியேகோவுக்குப் போய் உயிரியல் மாணவராகத் திரும்பவும் வகுப்பில் உட்கார்ந்தார். 2009இல் ரைபோசோம் ஆய்வுக்காக வேதியியல் நோபல் பரிசு வந்தது. பரோடாவும் ஓஹையோவும் எந்தப் பட்டியலிலும் முதல் இடத்தில் இருந்தவை அல்ல.

அந்தப் பெண் அதுவரை வாயே திறக்கவில்லை. அவளிடம் இரண்டு நுழைவுத் தேர்வுகளைப் பற்றிக் கேட்டேன். ஒரு நிறுவனம் தன்னைப் பற்றி நம்மிடம் முதன்முதலில் பேசுவது அதன் கேள்வித்தாளில்தான். ஐசர் தேர்வில் 60 கேள்விகள், நான்கு பாடங்களுக்கும் பதினைந்து பதினைந்தாக, மூன்று மணி நேரத்தில். விடையைத் தேர்ந்து குறித்தால் போதும், தப்பானால் ஒரு மதிப்பெண் போகும். சி.எம்.ஐ. தேர்வில் விடை மட்டும் போதாது. இரண்டாம் பகுதியில், எப்படி வந்தது என்று வரிவரியாக எழுதிக் காட்ட வேண்டும்.

“எந்தப் பரீட்சை எழுதிட்டு வெளிய வந்தப்போ மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சும்மா?”

“சி.எம்.ஐ. சார். ஒரு கணக்கு முடியல. திரும்பி வர்றப்போ பஸ்ல விருதுநகர் வரைக்கும் போட்டுப் பாத்தேன். வீட்டுக்கு வந்தும் போட்டேன். இன்னும் முடியல.”

முடிந்தது விஷயம் என்று நினைத்தேன். முடியாத கணக்கை மூன்று வாரமாகச் சுமக்கிற பிள்ளைக்குச் சிறுசேரிதான் வீடு. அவளைப் போன்ற இன்னும் சிலபேர் இரவு பதினோரு மணிக்கு விடுதி வராந்தாவில் அதே கணக்கோடு உட்கார்ந்திருப்பார்கள். தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வந்து பாடம் எடுக்கிறார்கள். பாரிசின் எக்கோல் நார்மல் சுப்பீரியருக்குப் போய்வரும் மாணவர்களும் உண்டு. இதையெல்லாம் சொல்லி, “சிறுசேரிக்கே போம்மா” என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் சார்,” என்றாள்.

அந்த ஒரு வரியில் எவ்வளவு இருந்தது என்று எனக்கு உறைக்க ஒரு நிமிடம் ஆனது. நம் ஊரில் பத்தாம் வகுப்பு முடிந்ததும் குரூப் எடுக்கச் சொல்கிறோம். பதினைந்து வயதில் கணக்கு, இயற்பியல், வேதியியலோடு கணினி எடுத்தவர்களுக்கு உயிரியல் அன்றோடு சரி. பல பள்ளிகளில் பிள்ளையின் விருப்பத்தைவிட மதிப்பெண்ணும், எந்தப் பிரிவில் இடம் மிச்சம் இருக்கிறது என்பதும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. நான் படித்த காலத்தில் நானும் அப்படித்தான் ஒரு பிரிவுக்குள் தள்ளப்பட்டேன். அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. இந்தப் பெண் கடைப் பின்கட்டில் வெல்லப்பாகு வைக்கிற இடத்துக்கு எறும்பு வரும் பாதையை இரண்டு கோடையாக நோட்டில் வரைந்து வைத்திருக்கிறாள். பாதையை அழித்தால் எத்தனை நிமிடத்தில் புதுப் பாதை போடுகின்றன என்று எழுதியிருக்கிறாள். தம்பியின் உயிரியல் புத்தகத்தை அவன் பள்ளிக்கூடம் போன பிறகு எடுத்துப் படித்திருக்கிறாள். ஐசர் தேர்வின் பதினைந்து உயிரியல் கேள்விகளுக்கு அந்தப் புத்தகம்தான் அவளுக்குப் பயிற்சி மையம்.

சிறுசேரியில் எறும்புக்குக் கணிதம் போடலாம். எறும்பைப் பிடித்து வைத்துப் பார்க்க ஆய்வுக்கூடம் கிடையாது. திருப்பதியில் அவளுக்கு உயிரியல் கட்டாயம். பதினைந்து வயதில் மூடிய கதவை அங்கே பாடத்திட்டமே திறந்துவிடுகிறது. அவளைவிட இரண்டு வருடம் கூடுதலாக உயிரியல் படித்த பிள்ளைகளோடு உட்கார்ந்து முதல் செமஸ்டரில் திணறுவாள் என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். தமிழ்வழியில் படித்தவள் வேறு. கணக்குக்குக் குறியீடுகள் கைகொடுக்கும், உயிரியலில் பக்கத்துக்கு இருபது புதுச் சொல் வரும்.

பணத்தைப் பற்றியும் பேசினோம். பிளஸ் டூவில் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்று அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு ஆண்டுக்கு ரூ.80,000 தரும் இன்ஸ்பயர் உதவித்தொகை இருக்கிறது. சி.எம்.ஐ.யிலும் கட்டணச் சலுகை கிடைக்க வழி உண்டு. கடிதத்தில் அந்தப் பகுதியை அப்பா என் முன்னாலேயே இரண்டு முறை படித்தார். மூன்று ஆண்டில் ஒரு பட்டம் கையில் வருவதும் ஐந்து ஆண்டு காத்திருப்பதும் அவர் வீட்டுக்கு ஒன்றல்ல. அதை அவர் சொல்லவில்லை. நான்தான் கேட்டேன். “ரெண்டு வருசந்தானே சார், மிட்டாய் போட்டுக்கிட்டுத்தான இருக்கப் போறேன்,” என்றார்.

ஒன்று மட்டும் செய்யச் சொன்னேன். இரண்டு இடத்திலும் மூன்றாம் ஆண்டு படிக்கிற யாரையாவது பிடித்துப் பேச வேண்டும். முதல் ஆண்டுப் பிள்ளைகள் ஊரைப் பற்றித்தான் பேசுவார்கள். மூன்றாம் ஆண்டுக்காரரிடம், “போன செமஸ்டரில் எந்தப் பாடம் பிடிக்கவில்லை, அதை விட்டு விலக முடிந்ததா?” என்று கேட்க வேண்டும். பதில் வருகிற வேகத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

பேசினாள். கடைசி நாளுக்கு முந்தைய நாள் திருப்பதிக்குப் பணம் கட்டினார்கள். நான் சொன்னதற்கு நேர்மாறாக அவள் எடுத்த முடிவு அது. நான் பார்க்கத் தவறியதை அவள் பார்த்துவிட்டாள் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

ஊருக்குக் கிளம்பும் அன்று அப்பா மட்டும் ஒரு பொட்டலம் மிட்டாயோடு வந்தார். பெட்டியில் என்னென்ன வைத்திருக்கிறாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். போர்வை, தட்டு, எறும்பு நோட்டு, அப்புறம் அந்த சி.எம்.ஐ. கணக்கு எழுதிய தாள்.

(தொடரும்)