சுவருக்குள் ஒரு கோயில்

பழம்பெரும் நகரமொன்றின் வரலாற்றை நூல்வழி அறிவது ஒருவகை. அதன் தெருக்களில் நடந்து அறிவது பிறிதொரு வகை. மத்தியதரைக் கடலிலுள்ள சிசிலித் தீவின் கீழைக் கரையில் அமைந்த சிராக்கூசா, நடந்து சென்று காண்பார்க்கே தன் வரலாற்றை நன்கு புலப்படுத்தும் நகர்களுள் ஒன்றாகும்.

கிரேக்க நாட்டுக் கொரிந்து நகரத்தார் கி.மு. 8ஆம் நூற்றாண்டில் இந்நகரை நிறுவினர். கணித மேதை ஆர்க்கிமிடீசு வாழ்ந்ததும், கி.மு. 212இல் உரோமர் நகரைக் கைப்பற்றியபோது கொல்லப்பட்டதும் இங்கேயே. நகரின் மிகப் பழைய பகுதி ஒர்த்தீஜியா என்னும் சிறு தீவு. அதன் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டரே. ஆதலின் ஒரு முற்பகலில் அதனை நடந்தே கண்டுவிடலாம்.

பாலத்தைக் கடந்து சிறிது நடந்தால் முதலில் எதிர்ப்படுவது அப்பொல்லோ கோயில். கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த இதன் படிக்கல்லில் கிரேக்க எழுத்துகளை இன்றும் காணலாம். ஆயினும் எஞ்சி நிற்பவை சில தூண்களும் சுவரின் ஒரு பகுதியுமே. இக்கோயில் கிறித்தவத் தேவாலயமாயிற்று; பள்ளிவாசலாயிற்று; மீண்டும் தேவாலயமாயிற்று; இசுப்பானியர் ஆட்சியில் படைவீரர் தங்குமிடமும் ஆயிற்று. 20ஆம் நூற்றாண்டில் பிற்காலக் கட்டடங்களை அகற்றியபோது வெளிப்பட்டது இவ்விடிபாடே.

அங்கிருந்து தெற்கே சிறிது நேரம் நடந்தால் தலைமைத் தேவாலயத்தின் முன்றிலை அடையலாம். 1693ஆம் ஆண்டின் பெரு நிலநடுக்கத்திற்குப் பின், 18ஆம் நூற்றாண்டில் கட்டிய முகப்பு அது. முகப்பை மட்டும் கண்டு திரும்புவோர், முந்நூறு ஆண்டும் நிரம்பாத கட்டடம் இஃது என்றே கருதுவர். இடப்பக்கத் தெருவில் பத்தடி நடப்பின் உண்மை விளங்கும். அங்கே, சுவரினுள் பாதி புதைந்தவாறு வரிசையாக நிற்கின்றன பருத்த கிரேக்கத் தூண்கள்!

கி.மு. 480இல் இமெரா என்னுமிடத்தில் கார்த்தேசுப் படையை வென்ற கெலோன் என்னும் ஆட்சியாளன், அத்தீனா தேவிக்கு எடுப்பித்த கோயிலின் தூண்களே அவை. அதன் கதவுகளை அணிசெய்த பொன்னையும் தந்தத்தையும் உரோம ஆளுநன் வெர்ரசு கவர்ந்தான் என்று கி.மு. 70இல் சிசரோ குற்றஞ் சாட்டினார். கி.பி. 7ஆம் நூற்றாண்டில் கோயில் தேவாலயமாயிற்று. தூண்களின் இடைவெளிகளைச் சுவர் எழுப்பி அடைத்தனர். உட்கோயிலின் சுவர்களை வளைவுகளாகக் குடைந்து வழி செய்தனர். 878இல் அரேபியர் நகரை வென்றபின் அது பள்ளிவாசலாயிற்று. 1085இல் நார்மானியர் வந்தபின் மீண்டும் தேவாலயமாயிற்று. இன்றும் அங்கே வழிபாடு நடைபெறுகிறது.

இரு கோயில்களும் ஏறக்குறைய ஒரே வகையான மாற்றங்களைக் கண்டவை. எனினும் ஒன்று இடிபாடாயிற்று. மற்றொன்று கூரையோடு நிற்கிறது. காரணம் யாது? முன்னதில் வழிபாடு இடையே அற்றுப் போயிற்று. பின்னதில் தெய்வம் மாறினும் வழிபாடு தொடர்ந்தது. நாள்தோறும் மக்கள் புழங்கும் கட்டடத்தின் கூரை ஒழுகினால் அடைப்பார் உளர். சுவர் விரிந்தால் பூசுவார் உளர். புழக்கமற்ற கட்டடத்தின் கற்களோ வேறு வீடுகளுக்குப் போய்விடும்.

ஆனால், அப்பாதுகாப்புக்கு விலையும் உண்டு. குடைந்த சுவரும் மறைந்த தூணும் அவ்விலையே. உருமாறாது காத்தல் வேண்டும் என்பார்க்கு இது குறையாகத் தோன்றலாம். எனினும், உருமாற இசைந்தமையாலன்றோ ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகட்குப் பின்னும் அத்தூண்கள் ஒரு கூரையைத் தாங்கி நிற்கின்றன?

பழைய நகர்களைக் காணச் செல்வோர் முகப்போடு நின்றுவிடாது பக்கத் தெருக்களிலும் நடத்தல் வேண்டும். முகப்பு, கட்டியோர் காட்ட விரும்பியதைக் காட்டும். பக்கச் சுவரோ நடந்ததைக் காட்டும்.