இலை நோயறியும் கணினி

இலையிற் கண்ட புள்ளி இன்ன நோயினது என்று படத்தைக்கொண்டே கூறும் கணினி முறைகள் இப்போது வழங்குகின்றன. நோய்க்குறிகளை அவற்றிற்கு ஒருவரும் எடுத்துரைப்பதில்லை. நோயின் பெயர் குறித்த இலைப்படங்கள் ஆயிரக்கணக்கிற் காட்டப்படுகின்றன. விடை பிழைக்குந்தோறும், உள்ளே அடுக்கடுக்காய்ப் பிணைந்த எண்கள் சிறிது கூட்டியோ குறைத்தோ திருத்தப்படும். நரம்பு வலை என்பது இவ்வெண்களின் பிணைப்பே, நரம்பு பெயரளவிற்றான்.

2016-ஆம் வருஷத்தில் அமெரிக்காவிலும் ஸ்விட்ஸர்லாந்திலுமுள்ள ஆராய்ச்சியாளர் மூவர், 14 பயிர்களின் 54,306 படங்களால் இம்முறையைப் பரீட்சித்தனர். பயிற்சியிற் காட்டாது ஒதுக்கிய படங்களில் நூற்றுக்கு 99-க்கு மேல் சரியாயிற்று. வேறிடங்களிற் பெற்ற படங்களிலோ 31 அளவே தேறிற்று. பயிற்சிப் படங்கள், இலையைக் கிள்ளி ஒரே நிறத் தாளின்மீது வைத்து எடுத்தவை. வயலிலோ நிழலும் களையும் பிற இலைகளும் கலந்து நிற்கும்.

ஆகையால் இத்தகைய கருவியை நம்பி மருந்து தெளிக்குமுன், அது எவ்வயல்களின் படங்களாற் பயின்றது என்று மிராசுதார்கள் விசாரித்தறிதல் அவசியம். மேலும், அம்முறைக்குத் தெரிந்த நோய்கள் 26 மட்டுமே. சத்துக்குறைவால் மஞ்சளித்த இலைக்கும் அது தன் பட்டியலிலுள்ள பெயரொன்றையே சூட்டும். அவ்விலையைக் கிராம உத்தியோகஸ்தர் மூலமேனும் விவசாய அலுவலகத்திற்கு அனுப்புதல் நலம்.