கவிதைக்காக வீட்டு நகையை விற்ற கவிஞர்!

பத்திரிகை நடத்தினால் பணம் கொட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. சென்னை திருவல்லிக்கேணியில் ஒருவர் பத்திரிகை நடத்தி, மனைவியின் நகையையும் விற்றார்!

அவர்தான் சி.சு.செல்லப்பா. கவிஞர், கதாசிரியர். சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர்.

1959 ஜனவரியில் "எழுத்து" என்ற மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். சினிமா செய்தி கிடையாது. நடிகை படம் கிடையாது. "2 ஆயிரம் பிரதிக்கு மேல் அச்சடிப்பது இல்லை" என்று அவரே உச்சவரம்பும் போட்டுக்கொண்டார். அப்புறம் லாபம் எங்கே வரும்?

புத்தக மூட்டை

எதுகை, மோனை இல்லாத புதுக்கவிதையை, "இதெல்லாம் ஒரு கவிதையா?" என்று பலர் கேலி செய்த காலம் அது. செல்லப்பா அசரவில்லை. பக்கம் ஒதுக்கி அச்சிட்டார். 1962-ல் 24 கவிஞர்கள் எழுதிய 63 கவிதைகளைத் திரட்டி, "புதுக்குரல்கள்" என்ற புத்தகமாகக் கொண்டுவந்தார்.

புத்தகம் தானாக விற்குமா? மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார்.

119 இதழ்கள் வந்தபின், 1970-ல் "எழுத்து" நின்றுபோனது. கையில் காசு மிஞ்சவில்லை. ஆனால் அவர் தூக்கிச் சுமந்த புதுக்கவிதை நிலைத்துவிட்டது. இன்று அது கல்லூரியில் பாடம்!

1998-ல் செல்லப்பா காலமானார். 2001-ல் அவருடைய "சுதந்திர தாகம்" நாவலுக்கு சாகித்ய அகாடமி பரிசு கிடைத்தது.

பரிசு வந்தது. வாங்கத்தான் அவர் இல்லை.